எம். ஆர். ராதாவின் நையாண்டி

எம். ஆர். ராதா (1907–1979) தமிழ் நாடக நடிகர், திரைப்பட நடிகர், நாடகக் குழுத் தலைவர். முழுப்பெயர் மதராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். ரசிகர்களுக்கு ‘நடிகவேள்’. பிறந்தது சென்னை சிந்தாதிரிப்பேட்டை, இறந்தது திருச்சி. அவர் நடித்த பல படங்களின் கதை இன்று யாருக்கும் நினைவில்லை. அந்தப் படங்களில் அவர் போகிற போக்கில் விட்ட குத்தல் பேச்சு மட்டும் தனியாகக் கழன்று வந்து, டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கைபேசியிலும் உலவிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு எங்கே உருவானது, எப்படி வளர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து பாலக்கரை வழியாக நடந்தே போய்விடும் தொலைவில் சங்கிலியாண்டபுரம் இருக்கிறது. ரயில்வே தொழிலாளர்களும் மார்க்கெட்டை நம்பிப் பிழைப்பவர்களும் நெருக்கமாக வாழும் பகுதி. தமிழ் நடிப்பின் வரலாற்றில் இந்த ஒரு வட்டாரத்துக்கு இருக்கும் பங்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சிவாஜி கணேசன் சிறுவனாக ஓடியாடியது இங்கே. அவரை நாடகத்தின் பக்கம் இழுத்த அண்டை வீட்டுத் தோழர் காகா ராதாகிருஷ்ணன் இங்கத்தியவர். பாலக்கரையில் வளர்ந்து தமிழ் சினிமாவின் முதல் பெரும் நட்சத்திரமான எம். கே. தியாகராஜ பாகவதர் 1959இல் மறைந்தபின் அடக்கமானது இங்கே. ராதா வீடு வைத்து வாழ்ந்து, கடைசிக் காலத்தைக் கழித்ததும் இதே சங்கிலியாண்டபுரத்தில்தான். பாட்டால் வென்றவர், வசனத்தால் வென்றவர், நையாண்டியால் வென்றவர் என மூவரின் சுவடும் ஒரே பேட்டையில் பதிந்திருக்கிறது.

ராதாவின் தந்தை ராஜகோபால் நாயுடு ராணுவச் சிப்பாய். முதல் உலகப் போருக்குப் போனவர் திரும்பவில்லை. (அந்தப் போருக்குப் போன திருச்சிக்காரர்களுக்கு காந்தி மார்க்கெட் அருகே ஒரு நினைவுச்சின்னம் உண்டு. தக்காளிக் கூடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவே அதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.) தகப்பன் இல்லாத வீட்டில் வளர்ந்த பையன், சாப்பாட்டில் இன்னொரு மீன் துண்டு கேட்டு, அம்மா மறுத்ததால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினான் என்பது ராதாவைப் பற்றிச் சொல்லப்படும் முதல் கதை. எழும்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு தன் நாடகக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். மீன் துண்டுக் கதையை விரும்பிச் சொன்னவர்களில் ராதாவே முதன்மையானவர். தன்னைப் பற்றிய கதை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர் நாடகக் குழு வாழ்க்கை. ஜெகந்நாத ஐயரின் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி என்று ஊர் ஊராகப் போனார். பொன்னுசாமிப் பிள்ளையின் குழு திருச்சியில் முகாமிட்டபோதுதான் சங்கிலியாண்டபுரத்துச் சிறுவன் கணேசன் அதில் போய்ச் சேர்ந்தான். அந்தக் குழுவில் ராதா அப்போதே அனுபவம் மிகுந்த அண்ணன்.

பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டுத்தான் மூலதனம். ராஜபார்ட்டு வேடத்துக்கு ஐந்து கட்டை சாரீரம் வேண்டும். ராதாவுக்கு வாய்த்ததோ கரகரத்த குரல். படிப்பும் இல்லை. ஆனால் கை வேலை தெரியும். மோட்டார் மெக்கானிக் வேலை, மின்சார வேலை, காட்சி ஜோடனை எல்லாம் அத்துப்படி. மேடையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் கூட்டத்தைத் திகைக்க வைத்தார். பாட முடியாதவன் மேடையில் என்ன செய்து நிலைப்பது என்ற கேள்விக்கு முதலில் சாகசம், அப்புறம் வில்லத்தனம், கடைசியில் கேலி என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தார். பாடிப் பிழைத்த தலைமுறை ஓய்ந்த பிறகும் அவர் மேடையில் நின்றதற்கு இந்தத் தேடலே காரணம்.

1937இல் ‘ராஜசேகரன்’ படத்தில் அறிமுகமானார். ‘சந்தனத்தேவன்’, ‘சத்தியவாணி’ என்று சில படங்கள் வந்தன. சினிமா அவரை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் விட்டது. அவரும் விட்டார். 1940களில் சொந்தக் குழுவோடு மறுபடி கொட்டகைக்குத் திரும்பினார்.

இங்கிருந்துதான் ராதாவின் உண்மையான வரலாறு தொடங்குகிறது.

‘இழந்த காதல்’ நாடகத்தில் ஜெகதீஷ் என்ற வில்லன் வேடம். ஒரு நீண்ட காட்சி முழுவதும் அவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தே பேசுவார். முகம் காட்டாத நடிகனைப் பார்க்க ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். முகபாவமே நடிப்பு என்று நம்பிய காலத்தில் வெறும் குரலையும் தோள் அசைவையும் வைத்து ஒரு கொட்டகையைக் கட்டிப்போட முடியும் என்று அவர் அதில் காட்டினார். விதவை மறுமணத்தைப் பேசிய ‘விமலா’, அடுத்து ‘லட்சுமிகாந்தன்’ என்று நாடகங்கள் தொடர்ந்தன. மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947இல் விடுதலையானதும் நாடே பேசிய விஷயம். பத்திரிகைக்காரன் செத்த கதையை மேடையேற்றும் துணிச்சல் ராதாவுக்கு இருந்தது. செய்தித்தாள் முடித்த இடத்தில் நாடகத்தைத் தொடங்குவது பின்னாளில் அவருடைய வழக்கமே ஆனது.

இந்தக் காலத்தில்தான் பெரியாரின் இயக்கத்தோடு அவர் நெருங்கினார். திருச்சி புத்தூரில் இருந்த பெரியார் மாளிகை திராவிடர் கழகத்தின் முக்கியமான இருப்பிடம். சங்கிலியாண்டபுரத்துக்கும் புத்தூருக்கும் இடையே மனத் தொலைவு குறைந்துகொண்டே வந்தது. மு. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’ நாடகத்தை ராதா நடத்தினார். அந்த நாடகத்தையொட்டி அவர் கருணாநிதிக்குக் கொடுத்த ‘கலைஞர்’ என்ற அடைமொழி அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழக அரசியலில் ஒரு பெயராகவே புழங்கியது. பட்டம் கொடுத்தவர் பின்னாளில் கருணாநிதியின் கட்சிக்காரர்களையும் மேடையில் சும்மா விடவில்லை.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. அவர் நாடகங்களில் கல் விழுந்தது, செருப்பு விழுந்தது. போன ஊரில் விழுந்த கற்களையும் செருப்புகளையும் அள்ளி வந்து, அடுத்த ஊர்க் கொட்டகை வாசலில் எங்கே எறியப்பட்டவை என்ற விவரத்தோடு பார்வைக்கு வைத்தார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்கிற பொருளில் நோட்டீஸ் அடித்ததும் அப்படியே. விளம்பரம் என்று பார்த்தால் இதைவிடத் தேர்ந்த உத்தி கிடையாது. வர வேண்டாம் என்று சொன்னவுடன் கூட்டம் கூடியது.

ராமாயணத்தை அவர் நாடகமாக்கியபோது விவகாரம் முற்றியது. எதிரிகள் மட்டுமல்லாமல் அவர் ஆட்களும் அதைக் ‘கீமாயணம்’ என்று அழைத்தார்கள். கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் கம்பர் மண்டபம் திருவரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்கு முன்னால் இருக்கிறது. காவிரிக்கு அக்கரையில் அப்படி ஒரு மண்டபம். இக்கரையில் அதே கதையைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டும் ஒருவர். 1954இல் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் 1876இல் போட்ட சட்டம் ஏற்கெனவே இருக்க, புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் ஊரறிந்தது: ராதாவின் நாடகங்கள். ஒரு நடிகரின் வாய்க்கு அஞ்சிச் சட்டமன்றம் கூடியது என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் செல்லாது என்று அறிவித்தது. வழக்குத் தொடுத்தவர் ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி, தீர்ப்பளித்தவர் நீதிபதி கே. சந்துரு. ராதா இறந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1954இன் தீபாவளிக்கு ‘ரத்தக்கண்ணீர்’ படம் வெளிவந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, ராதா குழு 1949 முதல் மேடையில் நடத்திவந்த நாடகம் அது. ‘பராசக்தி’யைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள் தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பணக்காரன் மோகனசுந்தரம், காந்தா என்ற தாசியிடம் சிக்கி, சொத்தையும் தாயையும் இழந்து, தொழுநோய் பற்றி, கண்ணும் கெட்டுத் தெருவில் பிச்சையெடுக்கிறான். மனைவியை நண்பன் பாலுவுக்கு மறுமணம் செய்துவைத்துவிட்டுச் சாகிறான். நோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் காட்டும் இந்தக் கதை இன்று உறுத்துகிறது. தொழுநோய்க்கு 1940களிலேயே மருந்து வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் உறுத்தும். இருந்தும் படம் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் கதை கிடையாது. பணக்காரனாக இருக்கும்போது ஏழைகளை எகத்தாளம் செய்த அதே வாய், பிச்சைக்காரனான பிறகு பணக்காரர்களையும் சாமியார்களையும் தலைவர்களையும் கிழிக்கிறதே, அந்த வாய்தான் காரணம்.

ராதாவின் நையாண்டி எப்படி இயங்குகிறது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடும். முதலாவது, அவரிடம் இரண்டு குரல்கள் உண்டு. அடித்தொண்டையில் உறுமும் ஒன்று, கீச்சென்று மேலே ஏறும் ஒன்று. ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். உறுமும் குரல் பெரிய மனிதனுடையது, கீச்சுக் குரல் அவனைப் பக்கத்தில் நின்று கேலி செய்பவனுடையது. ஒரு ஆள் இருவராகித் தன்னோடு தானே மல்லுக்கு நிற்கிறான். அடுத்தது, எதிராளி சொன்ன கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவது. பக்தன், தலைவர், தர்மம், கௌரவம் என்று எதிராளி மரியாதையாகச் சொன்ன சொல் ராதா வாயில் இன்னொரு முறை வரும்போது அதன் காற்று இறங்கிவிடும். ‘காந்தா’ என்ற மூன்றெழுத்துப் பெயரை அவர் இழுத்துக் கூப்பிடுவதைக் கேட்டவர்கள் யாரும் அதைச் சாதாரணப் பெயராக மறுபடி உச்சரித்ததில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் படத்தில் இல்லை. மேடை ராதா, எழுதப்பட்ட வசனத்தோடு நிற்கவில்லை. அன்றைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாடகத்துக்கு நடுவே படித்து, அந்த ஊர் நகராட்சி முதல் டெல்லி வரை எல்லோரையும் இழுப்பார். திருச்சியில் ஒன்று சொன்னால் தஞ்சாவூரில் வேறு. எதிர் வரிசையிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் அவருக்கு அன்றைக்கு விருந்து. தரை டிக்கெட்காரன் சிரிப்பை வைத்து அடுத்த வரியை முடிவு செய்வார். ஒரே நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை ஆடியும் பழையதாகாமல் போனது இதனால்தான். ஆகவே 1954 படத்தில் நாம் கேட்பது ராதாவின் நையாண்டியின் ஒரு படிவம் மட்டுமே. மற்ற இரவுகளின் பேச்சு அந்தந்தக் கொட்டகையோடு போயிற்று.

போகாமல் மிஞ்சியது மக்கள் வாயில் இருக்கிறது. அதில் எது ராதா சொன்னது, எது ராதா சொல்லியிருப்பார் என்று ஊர் நினைத்தது என்று பிரிக்க வழியில்லை. இந்த நிலைக்கு உலகத்தில் இன்னொரு பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்க பேஸ்பால் வீரர் யோகி பெர்ரா (1925–2015). நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேட்சராகப் பத்து முறை உலகத் தொடர் வென்றவர். ‘ரத்தக்கண்ணீர்’ வெளிவந்த அதே 1954 உட்பட மூன்று முறை தன் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர். இத்தனை சாதித்தும் அவரை அமெரிக்கா நினைவில் வைத்திருப்பது தலையும் வாலும் முட்டிக்கொள்ளும் அவருடைய வேடிக்கைப் பேச்சுக்காக. சொன்னவர் யாரென்று தெரியாத வேடிக்கையெல்லாம் அவர் கணக்கில் ஏறின. தான் சொன்னதாகச் சொல்வதையெல்லாம் தான் சொல்லவில்லை என்று அவரே சொல்லும்படி ஆயிற்று. அந்த மறுப்பும் வேடிக்கையாகவே சொல்லப்பட்டதால் அதுவும் அவர் பொன்மொழிகளில் சேர்ந்துகொண்டது. வித்தியாசம் ஒன்று உண்டு. பெர்ராவின் வேடிக்கை யாரையும் காயப்படுத்தாது, தானாக வாயில் வந்து விழுந்தது போலிருக்கும். ராதாவுடையது குறி வைத்து எறிந்தது.

1959இல் ‘பாகப்பிரிவினை’யின் சிங்கப்பூர் சிங்காரத்துக்குப் பிறகு சினிமா அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘பெரிய இடத்துப் பெண்’ என்று ஆண்டுக்குப் பல படங்கள். 1962இல் வந்த ‘பலே பாண்டியா’வில் சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. அந்தப் படத்தின் கர்நாடக இசைப் பாட்டுக் காட்சியில் பாட்டு சிவாஜியின் பக்கம், ஜதி சொல்லும் வேலை ராதாவின் பக்கம். ராதாவின் முகமும் கையும் போடும் ஆட்டத்தைப் பார்த்தபின் பாடியவரை மறந்துவிடத் தோன்றும். கதாநாயகன் கண்ணீர் விடும்போது பக்கத்தில் ராதா நின்றால் ரசிகனின் கண் யாரிடம் போகும் என்பது இயக்குநர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அப்போது வாங்கிய இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிப் போனார், கேட்டவர்களிடம் இதுவும் வெறும் தகரம்தானே என்றார் என்ற கதையைச் சினிமாக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். நடிகனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதே என்று ரசிகர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் தன் காரையும் அப்படித்தான் நடத்தினார்.

1967 ஜனவரி 12 அன்று மாலை நடந்ததை நையாண்டிக் கணக்கில் எழுத முடியாது. தயாரிப்பாளர் ஒருவருடன் ராமாவரம் தோட்டத்துக்குப் போன ராதா, அங்கே நடிகரும் தி.மு.க.காரருமான எம். ஜி. ஆரைச் சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆரின் படம் சில வாரங்களில் வந்த தேர்தலில் ஊரெங்கும் சுவரொட்டியானது. பரங்கிமலைத் தொகுதியில் படுத்தபடியே அவர் வென்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. குண்டு எம்.ஜி.ஆரின் குரலை நிரந்தரமாக மாற்றிவிட்டது. ராதாவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் குறைந்தது. 1971இல் வெளியே வந்தார்.

வந்தவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டோம், கையில் கம்பு இருந்திருந்தால் கம்பால் அடித்துக்கொண்டிருப்போம், துப்பாக்கி இருந்தது, சுட்டுக்கொண்டோம் என்கிற மாதிரி அவர் பேசியதாக இன்றும் சொல்கிறார்கள். சுட்டும் இருவரும் சாகவில்லையே, நாட்டில் தோட்டாவிலும் கலப்படம் என்று அலுத்துக்கொண்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. சிரிப்பு வருகிறது என்பது உண்மை. ஒரு கொலை முயற்சியின் கனத்தைச் சிரிப்பு எவ்வளவு எளிதாகக் கரைத்துவிடுகிறது என்பதும் உண்மை. அவருடைய ஆயுதத்தின் ஆபத்தான முனை அது. ரசிகர்கள் அந்த முனையைப் பற்றிப் பேசுவதில்லை.

எழுத்தாளர் விந்தன் அவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதிய நினைவுகள் ‘தினமணி கதிர்’ வார இதழில் தொடராக வந்து, ‘எம். ஆர். ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்’ என்ற நூலாயின. ராதாவின் பேச்சு நடை அச்சில் ஓரளவுக்கேனும் தங்கியிருக்கும் இடம் இதுதான். வாய்ப் பேச்சை வாய்ப் பேச்சாகவே எழுதத் தெரிந்த விந்தன் கிடைத்தது ராதாவின் அதிர்ஷ்டம். மலேசியாவுக்குப் போனபோது அவர் பேசிய பேச்சின் ஒலிப்பதிவும் கைக்குக் கை மாறி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. எழுதி வைத்துப் படிக்காத ராதா, கூட்டத்தின் சிரிப்புக்குக் காத்திருந்து அடுத்த அடியைப் போடும் ராதா, அதில் இருக்கிறார்.

சிறைக்குப் பிறகு மேடைக்குத் திரும்பி ‘ரத்தக்கண்ணீர்’ உள்ளிட்ட பழைய நாடகங்களைப் புதிய கேலியோடு நடத்தினார். சினிமாவிலும் கொஞ்சம் தலைகாட்டினார். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தில் மறுபடி சிறை. 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் மஞ்சள் காமாலையால் இறந்தார். அது பெரியாரின் பிறந்த நாள். அப்போது தமிழக முதலமைச்சர் எம். ஜி. ஆர்.

ராதாவின் பெயரில் சென்னை பெரியார் திடலில் ஒரு மன்றம் அவர் வாழ்ந்தபோதே எழுந்தது. பிள்ளைகளில் எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா ஆகியோர் நடிப்புக்கு வந்தார்கள். தந்தையின் குரலைத் தொட முடிந்தவர் வாசு. பேரன் வாசு விக்ரமிடமும் அந்தக் கரகரப்பு இருக்கிறது. 1980களில் ஒலிநாடா வந்தபோது ‘ரத்தக்கண்ணீர்’ வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. மங்கல வீட்டில் தொழுநோயாளியின் சாபம் கேட்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மிமிக்ரி கலைஞர்களுக்கு ராதா குரல் கட்டாயப் பாடம். இப்போது அரசியல்வாதி யாராவது உளறினால் அவர் பேச்சுக்குக் கீழே ராதாவின் முகத்தை ஒட்டிவிடுகிறார்கள்.

தெலுங்கு மேடையில் நாகபூஷணம் ‘ரக்தகண்ணீரு’ நாடகத்தை ஊர் ஊராக நடத்தி, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். 2003இல் கன்னடத்தில் அது உபேந்திரா எழுதி நடிக்கப் படமானது. தமிழ் மூலத்தை அப்படியே பெயர்க்காமல், அன்றைய கர்நாடகத்து நடப்பையெல்லாம் உள்ளே இழுத்து, நீட்டி நீட்டிப் பேசினார் உபேந்திரா. படம் வசூலில் வென்றது. அவர் எடுத்துக்கொண்டது கதையை மட்டுமன்று, செய்தித்தாளோடு மேடையேறும் அந்தப் பழக்கத்தையும்தான்.